சீட்டைக் கீழே வைத்த பிறகு

"சத்தம் கேட்டா மட்டும் பட்டனை அழுத்துங்க… சரியா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் தலையாட்டினான். ஆட்டி முடிப்பதற்குள் அழுத்தியும் விட்டான். அவள் மேஜையில் பச்சை விளக்கு எரிந்தது.

அவள் மைக்கில் குனிந்தாள். "சார்… நான் இன்னும் மிஷினையே போடல."

"இல்லீங்க, ஏதோ கேட்டுச்சு."

"என்ன கேட்டுச்சு?"

"டொக்கு டொக்குன்னு…" அவன் யோசித்தான். "ஓ… அது என் நெஞ்சுதான் போல."

என்ன உளறித் தொலைத்தோம் என்பது சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். ஹெட்ஃபோனுக்கு வெளியே தெரிந்த காது நுனி குப்பென்று சிவந்தது. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்த மருத்துவமனையில் ஆறு வருடமாகக் காது சோதிக்கிறாள். குழந்தைகள் அழுவார்கள், வயதானவர்கள் தூங்கிவிடுவார்கள், சிலர் கேட்காததைக் கேட்டதாகச் சாதிப்பார்கள். தன் நெஞ்சு அடிக்கிற சத்தத்துக்குப் பட்டன் அழுத்தியவன் இவன் ஒருவன்தான்.

வெளியே நல்ல மழை. அவன் இருந்த சின்ன அறைக்குள் அந்தச் சத்தம் வராது, வரக்கூடாது என்றே கட்டிய அறை அது. அவள் முதுகுக்குப் பின்னால் இருந்த ஜன்னலில் தண்ணீர் வழிவது மட்டும் அவனுக்குத் தெரியும். அவன் கொடுத்த படிவத்தில் 'சுரங்க ரயில் பாதை, துளையிடும் இயந்திரம்' என்று எழுதியிருந்தது. பூமிக்கு அடியில் வேலை பார்ப்பவனின் கண்கள்… வெளிச்சத்துக்கு இன்னும் முழுதாகப் பழகாத, லேசாகச் சுருங்கிய கண்கள். எத்தனை கழுவியும் இமையோரத்தில் மிச்சமிருந்த சாம்பல் தூசி. அந்தக் கண்கள் மழையைப் பார்த்தன, அவளைப் பார்த்தன, அவள் நிமிர்ந்ததும் அவசர அவசரமாக மழைக்கே திரும்பிப் போயின.

எதுக்கு இப்படிப் பாக்கறான்… சே, நான் எதுக்கு அதைக் கவனிக்கறேன்?

சோதனை முடிந்து வெளியே வந்தவனிடம் தாளை நீட்டினாள். "வலது காது கொஞ்சம் அடி வாங்கியிருக்கு. காதுக்கு அடைப்பான் போடாம வேலை செய்யறீங்களா?"

"சில நாள் மறந்துடுதுங்க."

"காது போனா போனதுதான் சார். கடையில விக்காது."

அவன் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினான். அதோடு போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. அவள் மேஜையில் குப்புறக் கிடந்த நாவலைப் பார்த்துத் தொலைத்தான். பஸ் நிலையக் கடைகளில் அடுக்கி வைத்து விற்கிற மர்மக்கதை. முகம் மலர்ந்தது.

"அட, இதுவா! கொலை பண்ணினது அந்த டாக்டர்தான்னு கடைசி வரைக்கும் எனக்குத் தோணவே இல்லீங்க!"

அவள் வாய் திறந்தபடியே நின்றது.

"…இன்னும் முடிக்கலையா?"

"நாப்பது பக்கம் இருக்கு!" என்று கத்தியே விட்டாள். "யாராவது உங்ககிட்ட வந்து கேட்டாங்களா? நாலு நாளா கையைக் கட்டிக்கிட்டு, ஒரு நாளைக்குப் பத்துப் பத்துப் பக்கமா… சனிக்கிழமை சர்ச்ல இதைப் பத்திப் பேசணும் நான்!"

"சர்ச்லயா? கொலைக் கதைக்கும் ஜெபத்துக்கும் என்னங்க சம்பந்தம்?"

"ஏன், கொலை பண்ணினவனுக்கு ஜெபம் வேணாமா?"

அவன் முகத்தில் சிரிப்பு இருந்த இடத்தில் வேறு ஏதோ வந்துபோனது. அவள் அதைக் கவனித்தாள்… ஆனால் கோபம் கண்ணை மறைத்தது.

"சனிக்கிழமை அஞ்சு மணிக்கு எதிர்ல இருக்கற சர்ச்சுக்கு வந்து எல்லார்கிட்டயும் மன்னிப்பு கேளுங்க" என்றாள்.

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். அவன் வந்தே விட்டான்.

சர்ச்சுக்குப் பின்னால் ஓர் அறை. ஞாயிறு பள்ளிக் குழந்தைகளுக்காகப் போட்ட குட்டி நாற்காலிகள்தான் அங்கே உண்டு. பெரியவர்கள் உட்கார்ந்தால் முழங்கால் மோவாயை இடிக்கும். அந்த நாற்காலிகளில் மடங்கிக்கொண்டு நாலு பேர் மாதத்துக்கு ஒரு நாவலைப் பிரித்து மேய்வார்கள். ஒரு மாதம் நூறு வருடத்துப் பழைய நாவல், மறு மாதம் ஊரே படிக்கிற புது நாவல். எதுவானாலும் ஜெபத்தோடு ஆரம்பம். கேட்கிற கேள்வியும் ஒன்றேதான், இந்தக் கதையில் கிருபை எங்கே இருக்கிறது?

பாஸ்டரம்மா ஜெபத்துக்கும் டீக்கும் பொறுப்பு. கணக்கு வாத்தியார் எந்த நாவலிலும் தேதித் தப்பைக் கண்டுபிடித்துவிடுவார். தையல் கடை வைத்திருக்கும் குண்டூசி அவளுடைய உயிர்த்தோழி, பெயருக்கேற்ற வாய். நாலாவது நம் கதாநாயகி. கதாபாத்திரங்களுக்கு அவள் தீர்ப்புச் சொல்லும் அழகைப் பார்த்து அவளுக்கு ஜட்ஜம்மா என்றே பெயர் விழுந்துவிட்டது. அந்தப் பெயர் அவளுக்குப் பிடிக்கும். வெளியே முறைப்பாள், உள்ளே பிடிக்கும்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. கதையில் பெரிய தப்பு செய்தவர் யாரோ அவரை விசாரிப்பார்கள். ஒரு டப்பாவில் சீட்டுகள் போட்டுக் குலுக்குவார்கள். 'எதிர்' என்று வந்தால் அந்த ஆளைக் குற்றம் சாட்டிப் பேச வேண்டும். 'பரிவு' என்று வந்தால் அவனுக்காகப் பரிந்து பேச வேண்டும். மற்றவை வெற்றுச் சீட்டு. இருவரும் பேசி முடித்ததும் சீட்டைக் கீழே வைத்துவிட வேண்டும். அதற்கு அப்புறம் பேசுவதெல்லாம் அவரவர் சொந்த மனசு.

"சீட்டு கையில இருக்கறப்போ விளையாட்டு" என்று முதல் நாளே பாஸ்டரம்மா அவனிடம் சொன்னார். "வெச்சதுக்கு அப்புறம் பேசறதுதான் நிஜம். அதுல மட்டும் கவனமா இருங்க."

அன்றைக்கு மர்மக்கதை டாக்டரைப் பற்றிப் பெரிய சண்டை. கடைசி அத்தியாயத்தில் அவன் அழுது மனம் திரும்புகிறானாம்.

"அது மனந்திரும்புதலே இல்ல" என்றார் வாத்தியார். "பக்கம் தீந்துபோச்சு, அவ்வளவுதான்."

எல்லாரும் சிரித்தார்கள். அவன் மட்டும் சிரிக்கவில்லை. "கடைசிப் பக்கத்துலயாவது அழுதானே சார்…" என்றான் மெதுவாக. "அழாமலே செத்துப் போறவங்க எத்தனை பேரு."

குண்டூசி அவள் விலாவில் இடித்தாள். "ஏண்டி, எங்கேர்ந்து பிடிச்சே இந்தச் சுரங்கத்தை? தோண்டத் தோண்ட வருது!"

அன்றிலிருந்து அவன் சுரங்கம்.

ஏழு மாதம்… மாதம் ஒரு கூட்டம் என்றால் ஏழு கூட்டம்தானே என்று கணக்குப் போடாதீர்கள். முடிந்ததும் பஸ் நிறுத்தம் வரை நடை. அப்புறம் 'அந்தப் புக்கு உங்ககிட்ட இருக்கா' என்று ஒரு போன். 'இல்லை' என்று சொல்ல அரை மணி நேரம். மழை வந்தால் அவனுடைய குடையில் அவள், அவன் பாதிக்கு மேல் வெளியே.

"நல்லா உள்ள வாங்களேன், நனையறீங்க."

"பரவாயில்லீங்க. நாள் பூரா மண்ணுக்கு அடியில இருக்கறவனுக்கு மழை கிடைக்கறதே பெருசு."

அப்போது அந்தக் கண்கள் சுருங்காமல் முழுதாகத் திறந்திருக்கும். இமையில் ஒரு துளி நிற்கும்… அதைத் துடைத்துவிடத் துடிக்கிற கையை அவள் பைக்குள் விட்டுக்கொள்வாள்.

வீட்டில் அண்ணி கண்டுபிடித்துவிட்டாள். "சாப்பிட உக்காந்ததுலேர்ந்து ஆறு தடவை சுரங்கம் வந்தாச்சு. உங்க அண்ணன் காதுல நான் போடட்டுமா, இல்ல நீயே போடறியா?"

"அண்ணி! அவர் ஒண்ணுமே சொல்லல இன்னும்…"

"அப்ப சொல்லுவாருன்னு நீ காத்துக்கிட்டிருக்கேன்னு அர்த்தம்."

காத்துக்கொண்டுதான் இருந்தாள். அவனோ ஏதோ சொல்ல வாயெடுப்பான், மென்று முழுங்குவான். ஒரு நாள் பஸ் நிறுத்தத்தில் அட்டை கிழிந்த ஒரு பழைய நாவலை எடுத்து அவள் கையில் வைத்தான்.

"அடுத்த மாசம் இதை எடுத்துக்கலாமா? நான் மூணு தடவை படிச்சிருக்கேன். உங்களுக்கு எப்படிப் படுதுன்னு… எனக்குத் தெரியணும்."

அவன் குரல் நடுங்கியதை அவள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். காதல் கதையாக்கும் என்று நினைத்துக்கொண்டு, பஸ்ஸிலேயே முதல் பக்கத்தைத் திறந்தாள்.

காதல் கதை இல்லை. துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஒரு குமாஸ்தா. கல்யாணம் நிச்சயமான பெண்ணுக்குத் திடீரென்று பார்வை போய்விடுகிறது. அவனுடைய அப்பா போய்ச் சம்பந்தத்தை முறித்துவிட்டு வருகிறார். குமாஸ்தா கதவோரம் நிற்கிறான், ஒரு வார்த்தை பேசவில்லை. பத்து வருடம் கழித்து, தாங்க முடியாமல், அந்தப் பெண்ணின் வீட்டைத் தேடி நடக்கிறான். அதோடு கதை முடிகிறது.

மூடி வைத்துவிட்டு அவள் அழுதாள். அந்தப் பெண்ணுக்காக இல்லை, அவனுக்காக. பத்து வருடம் அந்தக் கதவோரத்திலேயே நின்றுகொண்டிருக்கிறானே பாவி என்று அழுதாள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அவள் வைத்துக்கொள்ளவில்லை.

அந்தச் சனிக்கிழமை டப்பாவைக் குலுக்கினார்கள். அவளுக்கு 'எதிர்' வந்தது. 'பரிவு' வந்தது அவனுக்கு.

"போச்சு!" என்றாள் குண்டூசி. "சுரங்கத்துக்குப் பரிவுச் சீட்டா? இன்னைக்கு எட்டு மணி வரைக்கும் பேசுவாரு."

அவள் எழுந்தாள். அவன் எதிரே உட்கார்ந்திருந்தான், அவளையே பார்த்துக்கொண்டு. நல்லா பேசணும்… இவர் அசந்து போற மாதிரி பேசணும். அந்த ஒரே எண்ணம்தான் அவளுக்கு. பேசினாள். துறைமுகக் குமாஸ்தாவைத் துவைத்துக் காயப்போட்டாள். "முதுகெலும்பை வீட்ல கழட்டி வெச்சுட்டு வந்தவன்" என்றாள். "பொண்ணுக்குக் கண்ணு போச்சு, இவனுக்கு வாய் போச்சு. எது பெரிய ஊனம்?" என்றாள். வாத்தியார் மேஜையைத் தட்டினார், குண்டூசி கைதட்டினாள்.

அடுத்து அவன் எழுந்தான். கையில் சீட்டு. ரொம்ப நேரம் அதையே பார்த்தான்.

"அவனுக்காகச் சொல்ல… என்கிட்ட ஒண்ணும் இல்லீங்க" என்றான். உட்கார்ந்துவிட்டான்.

எல்லாருக்கும் ஆச்சரியம். பாஸ்டரம்மா அவனையே கூர்ந்து பார்த்தார். "சரி… சீட்டைக் கீழே வைங்க ரெண்டு பேரும். இனிமே சொந்த மனசு. நீ சொல்லும்மா, அந்தப் பையனுக்குக் கிருபை உண்டா?"

இப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். 'நான் அவனுக்காக அழுதேன்' என்று மூன்று வார்த்தை. நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் கைதட்டல் இன்னும் காதில் இருந்தது, அறையே அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது…

"சீட்டை வெச்சுட்டேதான் சொல்றேன்" என்றாள் தலையை நிமிர்த்தி. "ஆண்டவர் மன்னிப்பாரு, அது அவர் பாடு. ஆனா ஒரு பொண்ணை அப்படி விட்டவன், ஆயுசுக்கும் இன்னொரு பொண்ணோட வாசலை மிதிக்கக் கூடாது!"

"அடி சக்கை!" குண்டூசி கைதட்டினாள். "ஜட்ஜம்மா தீர்ப்பு சொல்லியாச்சு, பேனாவை உடைங்க!"

சிரிப்பு ஓய்ந்ததும் எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அவன் முறை.

"தீர்ப்பு சரிதாங்க" என்றான்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் உள்ளே நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். படியில் அவனும் அவளும் மட்டும். குடையை விரிக்கவில்லை அவன்.

"என்ன சார், இப்படிக் கவுத்துட்டீங்க? ஜெயிச்ச மாதிரியே இல்ல எனக்கு."

"அஞ்சு வருஷம் முன்னால எனக்கு ஒரு இடத்துல நிச்சயம் ஆச்சுங்க."

அவள் சிரிப்பு அப்படியே நின்றது.

"கல்யாணத்துக்கு ஒரு மாசம் இருக்கறப்போ அந்தப் பொண்ணுக்குக் கிட்னி ரெண்டும் போயிடுச்சுன்னு தெரிஞ்சுது. அப்பா போய் மோதிரத்தைத் திருப்பி வாங்கிட்டு வந்தாரு. நான் தெருவுல கார்ல உக்காந்திருந்தேன். அந்தப் பொண்ணு வாசலுக்கு வந்து என்னைப் பாத்துச்சு. கார் கண்ணாடியைக்கூட நான் இறக்கல." அவன் மழையைப் பார்த்தபடியே பேசினான். "உங்ககிட்ட சொல்லணும்னு எத்தனையோ நாளா… தைரியம் வரல. அதான் புக்கைக் குடுத்தேன். அவனைப் பத்தி நீங்க என்ன சொல்றீங்கன்னு பாத்துட்டு, அப்புறம் என்னைப் பத்திக் கேக்கலாம்னு."

நின்றான். காத்திருந்தான்.

அவளுக்கு உள்ளே ஒரு குரல், நான் அப்படி நினைக்கல, வாய்க்கு வந்ததைச் சொன்னேன், இருங்க… இன்னொரு குரல், இப்ப மாத்திப் பேசினா நான் யாரு? அதுவும் இவ்வளவு பெரிய விஷயத்தை ஏழு மாசம் மறைச்சவன் முன்னாடி? கோபம், அவமானம், பயம் எல்லாம் ஒன்றாக முட்டிக்கொண்டு வாசலில் நின்றன. ஒன்றும் வெளியே வரவில்லை.

அவன் இன்னும் கொஞ்சம் நேரம் பார்த்தான். "சரிங்க" என்றான். குடையை அவள் கையில் வைத்துவிட்டு மழையில் இறங்கி நடந்தான். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். அவள் கூப்பிடவில்லை.

அடுத்த மாதம் அவன் வரவில்லை. போனும் இல்லை.

முதலில் வீம்பு. தப்பு பண்ணினது அவரு, நான் எதுக்குப் போகணும்? அந்தப் பொண்ணு வாசல்ல நின்னுச்சே, அதுக்கு யார் பதில் சொல்றது? இப்படித் தினமும் தனக்குத்தானே வழக்காடி, தினமும் ஜெயித்தாள். ஜெயித்துவிட்டுச் சாப்பாட்டை அளைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணி ஒன்றும் கேட்கவில்லை. அண்ணன்தான் கேட்டான், "என்னடா, இப்பல்லாம் சுரங்கம் வர்றதே இல்ல?" அவள் எழுந்து கை கழுவப் போய்விட்டாள்.

இரண்டாவது மாதமும் அவன் நாற்காலி காலி. மறுநாள் தையல் கடையில் குண்டூசி அவளைப் பிடித்துக்கொண்டாள். தைத்துக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, முழுக் கதையையும் கறந்துவிட்டாள்.

"ஐயோ… நான் வேற கைதட்டினேனே" என்று குண்டூசி தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்புறம் கேட்டாள், "நீ நிஜமா அப்படித்தான் நினைக்கறியா?"

"…இல்ல."

"பின்ன ஏண்டி சொன்னே? சீட்டைத்தான் வெச்சாச்சே!"

"எல்லாரும் கேட்டுக்கிட்டிருந்தீங்க." அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. "அவரும் கேட்டுக்கிட்டிருந்தாரு. நல்லா பேசினேன்னு அவர் நினைக்கணும்னு…"

குண்டூசி ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "படியில நின்னு அத்தனையும் சொன்னாரே, அப்பவாவது வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சியா?"

"சொல்லல."

"எத்தனை நேரம் நின்னாரு?"

எத்தனை நேரம்? குடை விரிக்காமல், மழையைப் பார்த்துக்கொண்டு, அவள் வாயிலிருந்து ஒன்று வருமா என்று… கார் கண்ணாடி இறங்குமா என்று காத்துக்கொண்டு நின்ற அந்தப் பெண் எத்தனை நேரம் நின்றாளோ அத்தனை நேரம்.  அவன் அன்றைக்குச் செய்ததைத்தான் அவளும் செய்தாள். அவனுக்காவது அப்பா இருந்தார் பயப்பட. இவளுக்கு யார் இருந்தார்கள்? இரண்டு பேருடைய கைதட்டல்.

"நாளைக்கு லீவு போடறேன்" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

சுரங்க வேலை நடக்கிற இடத்தைச் சுற்றி இரும்புத் தகடு அடித்திருந்தார்கள். இரண்டு மணிக்கு ஷிப்ட் முடியும் என்று காவலாளி சொன்னார். உள்ளே ஏதோ ஒரு இயந்திரம் ஓடி, நிற்கும் தரையே அதிர்ந்தது. தூறலில் நின்றாள். ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள், எல்லா முகமும் ஒரே சாம்பல் நிறம். கண்ணை வைத்துத்தான் அவனைக் கண்டுபிடித்தாள். வெளிச்சத்தில் சுருங்கிய அந்தக் கண்கள் அவளைப் பார்த்ததும் திகைத்து நின்றன.

அவன் வாயைத் திறக்குமுன் அவள் ஆரம்பித்துவிட்டாள். இரவெல்லாம் யோசித்து வைத்தது, ஒரே மூச்சில் கொட்டினாள். படித்துவிட்டு அழுதது, கைதட்டலுக்கு ஆசைப்பட்டது, படியில் ஊமையாக நின்றது, இரண்டு மாத வீம்பு… ஒன்று விடாமல் சொல்லி முடித்து, மூச்சு வாங்க நிமிர்ந்தாள்.

அவன் இரண்டு காதிலிருந்தும் மஞ்சள் அடைப்பான்களைப் பிடுங்கினான். "என்னங்க சொன்னீங்க?"

அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை அவளுக்கு. "போயும் போயும் இன்னைக்குத்தான் மறக்காம போட்டீங்களா?"

"நீங்கதானே போடச் சொன்னீங்க…"

இரண்டாம் தடவை அத்தனையும் வரவில்லை. மிச்சம் இருந்ததுதான் வந்தது. "அந்தக் குமாஸ்தாவுக்காக நான் அழுதேங்க. அங்க நான் சொன்னது பொய். நாலு பேர் மெச்சணும்னு சொன்ன பொய். அப்புறம் நீங்க ஒரு வார்த்தைக்காக நின்னீங்க. எனக்குத் தெரிஞ்சும் நான் சொல்லல. என்னை மன்னிச்சிடுங்க… எனக்கு உங்களை ரொம்பப் பிடிக்கும். அன்னைக்குச் சொல்லாதது இதுதான்."

அவன் தகட்டில் சாய்ந்துகொண்டான். 

"நீங்க பொய் சொன்னதும் ஒரு விதத்துல நல்லதுதாங்க" என்றான் கடைசியில். "அன்னைக்கு ராத்திரி பூரா உக்காந்து யோசிச்சேன். அடுத்த வாரமே அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போனேன்."

"அவங்க…?"

"இல்லீங்க. தவறிப் போய் ரெண்டு வருஷம் ஆச்சாம்."

உள்ளே இயந்திரம் நின்றது. தூறல் தகட்டில் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

"அவங்க அம்மா என்னை உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சாங்க. தண்ணி குடுத்தாங்க. திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். 'வேணாம்னாவது நீயே வந்து சொல்லியிருக்கலாமே தம்பி… அவ ரொம்ப நாள் வாசலையே பாத்துக்கிட்டிருந்தா'ன்னாங்க. மன்னிச்சிடுங்கம்மான்னு காலைப் பிடிச்சேன். 'நான் மன்னிக்கறேன்பா. அவளுக்காக நான் எப்படிச் சொல்றது?'ன்னாங்க." அவன் கண்ணில் நீர் தூசியைக் கரைத்துக்கொண்டு இறங்கியது. "ஆண்டவர் மன்னிப்பாருன்னு நம்பறேன். ஆனா மூணு வருஷம் முன்னால போயிருந்தா அந்தப் பொண்ணு வாயாலயே கேட்டிருக்கலாம். திட்டாவது கேட்டிருக்கலாம். அது இனிமே இல்லவே இல்ல."

ஆறுதல் சொன்னால் அதுவும் பொய்யாகத்தான் இருக்கும். பக்கத்தில் போய் நின்றாள், அவ்வளவுதான். அவன் தோளில் ஒட்டியிருந்த மண் அவள் கையில் ஒட்டியது.

"உங்களை எனக்கு வேணாம்னு இல்லீங்க" என்றான் தடுமாறி. "எனக்குப் பயமா இருக்கு. நாளைக்கு உங்களுக்கு ஏதாவது ஒண்ணுன்னா… நான் மறுபடி அப்படியே உக்காந்துட்டேன்னா? நான் அந்த ஆளுதானே? வேற ஆளா மாறிட்டேன்னு எதை வெச்சுச் சொல்றது?"

மாறிட்டீங்க என்று அவள் சொல்லவில்லை. யாருக்குத் தெரியும்?

"ஓடணும்னு தோணுச்சுன்னா, என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லிட்டு ஓடுங்க" என்றாள். "எனக்குக் கோபம் வந்தாலும், வெறுத்துப் போச்சுன்னாலும் நானும் உங்ககிட்ட வந்து சொல்லிடறேன். வாயை மூடிக்கிட்டு நிக்கறது மட்டும் வேணாங்க. நம்ம ரெண்டு பேருக்குமே அது வேணாம்."

அவன் அவளைப் பார்த்தான். தூறலில் இமை நனைந்து, சுருக்கம் விலகி, கண்கள் முழுதாகத் திறந்திருந்தன.

"அப்ப இப்பவே ஒண்ணு சொல்லணும்" என்றான். "ஆனா அந்தப் பொண்ணுகிட்ட சொல்ல வேண்டியதைச் சொல்லாதவன், உங்ககிட்ட இதைச் சொல்ல… வெக்கமா இருக்குங்க."

"வெக்கத்தோடயே சொல்லுங்க."

அவளை எவ்வளவு பிடிக்கும் என்பதை அவன் சொன்னான். பாதியில் அழுகை வந்துவிட்டது… ஆனாலும் நிறுத்தாமல், அவள் முகத்தைப் பார்த்தே சொல்லி முடித்தான்.